பூட் நேரத்தில் கோப்பு முறைமைச் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கணினியை ஆன் செய்ததும், லாகின் திரை வருவதற்கு வெகு முன்பே, எஃப்எஸ்சிகே என்ற நிரல் வட்டின் கோப்பு முறைமையை (கோப்புகள் எங்கே, எப்படி இருக்கின்றன என்ற அமைப்பை) சோதித்துவிட்டுப் போகிறது. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் அது வந்துபோனதே தெரியாது. கரண்ட் போய் வந்த பிறகுதான் பலரும் அந்தப் பெயரை முதல்முறையாகத் திரையில் பார்க்கிறார்கள். கீழே உள்ள பதில்கள் சிஸ்டம்டி (பூட்டின்போது மற்ற நிரல்களைத் தொடக்கி நடத்தும் நிரல்) பயன்படுத்தும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றுக்குப் பொருந்தும். தனியாகச் சொல்லாத இடங்களில் கோப்பு முறைமை வகை எக்ஸ்ட்4 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலத்தில், தனியாகக் குறிப்பிட்டால் தவிர சிற்றெழுத்தில், தட்ட வேண்டும்.

கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று வந்து கர்சர் மின்னிக்கொண்டிருக்கிறது. கணினி போய்விட்டதா?

போகவில்லை. இனிட்ராம்எஃப்எஸ் என்பது பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறிய தற்காலிக அமைப்பு. ரூட் பார்ட்டிஷனில் (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதியில்) இருக்கும் பிழை, தானாகத் திருத்தலாம் என்ற எல்லையைத் தாண்டியது. அதனால் எஃப்எஸ்சிகே முடிவை உங்களிடம் விட்டிருக்கிறது.

எதையும் தட்டுவதற்கு முன் கர்சருக்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். "/டெவ்/எஸ்டிஏ2: அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி" என்று ஒரு வரி இருக்கும். அதன் தொடக்கத்தில் உள்ள பார்ட்டிஷன் பெயர்தான் உங்களுக்குத் தேவை. என்விஎம்இ எஸ்எஸ்டியாக இருந்தால் /டெவ்/என்விஎம்இ0என்1பி2 என்பது போல வரும். இந்த வரி இல்லாமல் "அலர்ட்!" என்று தொடங்கி, யுயுஐடி எண்ணை (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) சொல்லி, "டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று முடிந்தால் பிரச்சினை வேறு: கர்னலுக்கு அந்த வட்டே தெரியவில்லை. கேபிளையும் பயாஸ் அமைப்பையும் கர்னல் வரியில் உள்ள ரூட்= மதிப்பையும் பாருங்கள். எஃப்எஸ்சிகே அங்கே உதவாது.

பெயரைக் குறித்துக்கொண்டபின் வட்டின் நிலையைப் பாருங்கள்:

டிஎம்இஎஸ்ஜி | கிரெப் -ஐ எர்ரர்

"ஐ/ஓ எர்ரர்" என்ற வரிகள் வந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு, கீழே வட்டு பழுதாவதைப் பற்றிய பதிலுக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால்:

எஃப்எஸ்சிகே /டெவ்/எஸ்டிஏ2

ஒவ்வொரு பிழையையும் சொல்லி, "ஃபிக்ஸ்<ஒய்>?" அல்லது "கிளியர்<ஒய்>?" என்று கேட்கும். முதல் பத்துப் பதினைந்து கேள்விகளையாவது படித்துப் பாருங்கள். இலவச பிளாக் எண்ணிக்கை தவறு, பிட்மேப் வேறுபாடு, ஆதரவற்ற ஐநோட் என்று வந்தால் கவலையில்லை (பிளாக் என்பது வட்டு இடத்தின் ஓர் அலகு, ஐநோட் என்பது ஒரு கோப்பின் விவரங்களையும் அதன் இடத்தையும் வைத்திருக்கும் பதிவு). அந்த அளவில் எல்லாவற்றுக்கும் ஆம் சொல்ல ஏ எழுத்தை அழுத்தினால் போதும். மாறாக, ஒரே பிளாக்கைப் பல கோப்புகள் சொந்தம் கொண்டாடுகின்றன என்றோ, ரூட் டைரக்டரியே டைரக்டரி இல்லை என்றோ வந்தால் கண்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வந்துவிடுங்கள். அப்போது முதலில் எடுக்க வேண்டியது நகல்.

வேலை முடிந்ததும் "ஃபைல் சிஸ்டம் வாஸ் மாடிஃபைட்" என்று காட்டும். அதோடு விட்டுவிடாமல் எஃப்எஸ்சிகே -எஃப் என்று இன்னொரு சுற்று ஓட்டுங்கள். இரண்டாவது சுற்றில் ஒரு திருத்தமும் இல்லாமல் முடிந்தால்தான் வேலை முடிந்தது. பிறகு எக்ஸிட் என்று தட்டினால் பூட் தொடரும்.

ஜர்னல் இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தச் சோதனை?

ஜர்னல் என்பது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு. ஜர்னலும் சோதனையும் வேறு வேறு வேலைகள். திடீரென்று மின்சாரம் நின்றால், பாதியில் நின்ற மாற்றங்களை ஜர்னலிலிருந்து மறுபடி எழுதி முடிக்கலாம். அதற்கு ஒன்றிரண்டு நொடி போதும். திரையில் "ரெக்கவரிங் ஜர்னல்" என்று வருவது அதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மெமரி சில்லில் ஒரு பிட் புரண்டாலோ, எஸ்எஸ்டி எழுதிவிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதாமல் விட்டாலோ, கர்னலில் ஒரு பிழை இருந்தாலோ ஜர்னலுக்குத் தெரியாது. தவறான தகவல் முறைப்படி ஜர்னல் வழியாகவே வட்டில் போய் உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க முழுச் சோதனைதான் வேண்டும்.

சாதாரண பூட்டில் முழுச் சோதனை நடப்பதில்லை. சூப்பர்பிளாக்கில் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் உள்ள இடத்தில்) "கிளீன்" என்ற குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எஃப்எஸ்சிகே நகர்ந்துவிடும். அப்போது காட்டும் வரி இப்படி இருக்கும்:

/டெவ்/எஸ்டிஏ2: கிளீன், 245113/1310720 ஃபைல்ஸ், 2210345/5242880 பிளாக்ஸ்

முதல் ஜோடி, மொத்த ஐநோட்களில் எத்தனை பயன்பாட்டில் உள்ளன என்பது. இரண்டாவது ஜோடி பிளாக்குகளுக்கு. ஒரு பிளாக் 4 கிபி என்றால் 5242880 பிளாக் என்பது 20 ஜிபி. இது பிழைச் செய்தி இல்லை, தேடிப் பதற வேண்டாம். ஆனால் முதல் ஜோடியில் இரண்டு எண்ணும் நெருங்கிவந்தால் கவனியுங்கள்: இடம் மீதி இருக்கும்போதே "இடம் இல்லை" என்ற பிழை வரப்போகிறது.

முழுச் சோதனையில் அது எதையெல்லாம் பார்க்கிறது?

ஐந்து கட்டங்கள். முதலாவதில் ஒவ்வொரு ஐநோட்டையும், அது சுட்டும் பிளாக்குகளையும், அளவையும் பார்க்கும். நேரத்தில் பெரும்பங்கு இதற்கே போகும். இரண்டாவதில் டைரக்டரிகளின் உள்ளமைப்பு. மூன்றாவதில் எல்லா டைரக்டரியும் ரூட்டோடு இணைந்திருக்கிறதா என்பது. நான்காவதில் ஒவ்வொரு கோப்பையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்ற கணக்கு. ஐந்தாவதில் இலவச இடக் கணக்கு.

பெயரை இழந்த கோப்புகளை லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரியில் #131075 போல ஐநோட் எண்ணையே பெயராக வைத்துப் போட்டுவிடும். ஃபைல் என்ற கட்டளையை அவற்றின்மேல் ஓட்டினால் எது படம், எது பிடிஎஃப் என்று பிரித்தறியலாம்.

ஒன்றை மனதில் வையுங்கள். எஃப்எஸ்சிகேயின் இலக்கு கோப்பு முறைமையின் கட்டமைப்பை முரணில்லாமல் ஆக்குவது மட்டுமே. உங்கள் தரவைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. முரணாக நிற்கும் ஐநோட்டை அழித்தால் கணக்கு நேராகும் என்றால் அழித்துவிடும். கோப்புக்குள் இருக்கும் உள்ளடக்கம் சரியா என்று அது பார்ப்பதே இல்லை.

எஃப்எஸ்டேப்பில் ஆறாவது எண் என்ன?

எந்தப் பார்ட்டிஷனை எங்கே இணைப்பது என்று சொல்லும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி:

யுயுஐடி=… /ஹோம் எக்ஸ்ட்4 டிஃபால்ட்ஸ் 0 2

கடைசி எண் சோதனை வரிசை. ரூட்டுக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதனை வேண்டாம் என்றால் 0. அந்த இடத்தில் எண்ணே இல்லையென்றால் 0 என்று எடுத்துக்கொள்ளும். கையால் வரி சேர்த்த இரண்டாவது வட்டு ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படாமல் கிடப்பது பெரும்பாலும் இதனால்தான். ஸ்வாப், டிஎம்பிஎஃப்எஸ், நெட்வொர்க் வழி வரும் என்எஃப்எஸ் ஆகியவற்றுக்கு 0.

பூட்டில் எந்தக் கட்டத்தில் இது நடக்கிறது?

ரூட்டுக்கு இரண்டு இடங்கள் உண்டு. டெபியனிலும் உபுண்டுவிலும் இனிட்ராம்எஃப்எஸ் உள்ளேயே, ரூட்டை மவுண்ட் செய்வதற்கு (பயன்பாட்டுக்கு இணைப்பதற்கு) முன், சோதனை முடிந்துவிடும். டெபியன் 8 முதல் இதுதான் வழக்கம். முடிந்ததும் /ரன்/இனிட்ராம்எஃப்எஸ்/எஃப்எஸ்சிகே-ரூட் என்ற அடையாளக் கோப்பை விட்டுச் செல்லும். பின்னால் வரும் சிஸ்டம்டி-எஃப்எஸ்சிகே-ரூட் சர்வீஸ் அதைப் பார்த்து ஒதுங்கிவிடும். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமலோ, அதற்குள் சோதனை நிரல் இல்லாமலோ பூட் ஆனால், படிக்க மட்டும் மவுண்ட் ஆன ரூட்டின் மேல் சிஸ்டம்டி அந்த சர்வீஸை ஓட்டும். அதன்பிறகே எழுதும் அனுமதி. மற்ற பார்ட்டிஷன்களை எப்போதும் சிஸ்டம்டிதான் சோதிக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சர்வீஸ்.

ரூட்டின் கோப்பு முறைமை வகையை மாற்றியிருந்தால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி உருவாக்க மறக்க வேண்டாம். டெபியன் வகையில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு, ஃபெடோராவில் டிராகட் --ஃபோர்ஸ், ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ (பெரிய எழுத்து பி கொடுத்து). ஆர்ச்சில் ஹூக்ஸ் வரியில் எஃப்எஸ்சிகே இருக்க வேண்டும். "எஃப்எஸ்சிகே நாட் பிரசென்ட்" என்று எச்சரிக்கை வந்தால் இந்தப் படி விடுபட்டிருக்கிறது.

முன்பெல்லாம் முப்பது நாற்பது பூட்டுக்கு ஒருமுறை தானாகச் சோதிக்குமே. இப்போது ஏன் இல்லை?

இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் (எக்ஸ்ட் வகைகளுக்கான கருவித் தொகுப்பு) 1.42 வந்த 2011 முதல், புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட் கோப்பு முறைமைகளில் எண்ணிக்கை வைத்தும் நாள் வைத்தும் நடக்கும் சோதனை இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அவசரமாக சர்வரை ரீபூட் செய்யும்போது பல டிபி வட்டை அது முழுக்கச் சோதிக்க உட்கார்ந்துவிடும் என்பதே காரணம். உங்களுடையதில் எப்படி என்று பார்க்க:

சுடோ ட்யூன்2எஃப்எஸ் -எல் /டெவ்/எஸ்டிஏ2

"மேக்ஸிமம் மவுண்ட் கவுண்ட்: -1" என்று இருந்தால் அணைந்திருக்கிறது. அதே பட்டியலில் "லாஸ்ட் செக்ட்" என்ற தேதியும் இருக்கும். அது நிறுவிய நாளையே காட்டுவதைப் பலர் பார்ப்பீர்கள்.

மீண்டும் வேண்டுமென்றால் ட்யூன்2எஃப்எஸ் -சி 30 என்றால் 30 மவுண்டுக்கு ஒருமுறை, -ஐ 3எம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வீட்டுக் கணினிக்கும் லேப்டாப்புக்கும் இதை இயக்கிவைப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. எஸ்எஸ்டியில் முழுச் சோதனைக்கு ஆகும் நேரம் அவ்வளவு அதிகமில்லை, பிழையை முளையிலேயே பிடித்துவிடலாம். சர்வரில் மட்டும் நீங்கள் குறித்த நாளில் கையால் செய்யுங்கள்.

அடுத்த பூட்டில் ஒரே ஒருமுறை கட்டாயமாகச் சோதிக்க வேண்டும்.

கிரப் (பூட் லோடர்) மெனு வரும்போது (பழைய பயாஸில் ஷிஃப்ட், யுஇஎஃப்ஐயில் எஸ்கேப்) இ அழுத்துங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்:

எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ்

கண்ட்ரோல்-எக்ஸ் அல்லது எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும். மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். எஃப்எஸ்டேப்பில் 0 இல்லாத எல்லா பார்ட்டிஷனும் சோதிக்கப்படும். கிரப்பைத் தொட முடியாத தொலைதூர சர்வரில், குறிப்பிட்ட ஒரு பார்ட்டிஷனுக்கு மட்டும் ட்யூன்2எஃப்எஸ் -இ ஃபோர்ஸ்_எஃப்எஸ்சிகே என்று குறி வைக்கலாம். இங்கே இ பெரிய எழுத்து. இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.45 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

ரூட்டில் ஃபோர்ஸ்எஃப்எஸ்சிகே என்ற காலிக் கோப்பை உருவாக்கும் பழைய வழியும், ஷட்டவுன் -எஃப் (பெரிய எழுத்து எஃப்) என்ற வழியும் சிஸ்டம்டிக்கு முந்தைய சிஸ்விஇனிட் காலத்தவை. அவற்றை நம்ப வேண்டாம்.

சோதனையைத் தவிர்க்க முடியுமா?

அதே கர்னல் வரியில் எஃப்எஸ்சிகே.மோட்=ஸ்கிப். வட்டு சாகும் தறுவாயில், தரவை வெளியே எடுக்க மட்டும் பூட் செய்யும்போது பயன்படுத்துங்கள். நிரந்தரமாக வைக்காதீர்கள்.

எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=எஸ் என்று நிரந்தரமாக வைக்கலாமா?

கர்னல் வரியில் சேர்க்கும் இந்த அமைப்பின் இயல்பு மதிப்பு ப்ரீன். பாதுகாப்பாகச் செய்யக்கூடிய சின்னத் திருத்தங்களை மட்டும் செய்து, சந்தேகம் வந்தால் நின்றுவிடும். எஸ் என்றால் எல்லாக் கேள்விக்கும் ஆம்.

மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் எங்கோ மாட்டிவைத்த கருவி, எஸ்டி கார்டிலிருந்து எந்நேரமும் திரும்ப நிறுவிவிடலாம் என்றால் எஸ் சரி. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி கோப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது. குடும்பப் புகைப்படங்களோ கணக்குவழக்கோ உள்ள கணினியில் வேண்டாம். ப்ரீன் நின்றுபோவது தொல்லையாகத் தோன்றும். ஆனால் நகல் எடுக்க உங்களுக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அந்த நிறுத்தம்தான்.

எஃப்எஸ்சிகே திருப்பித் தரும் எண்களுக்கு என்ன பொருள்?

0: பிழை இல்லை. 1: பிழைகள் திருத்தப்பட்டன. 2: திருத்தப்பட்டது, ரீபூட் வேண்டும். 4: திருத்தப்படாத பிழைகள் மீதி உள்ளன. 8: நிரலே சரியாக ஓட முடியவில்லை. 16: கட்டளையை எழுதியதில் தவறு. 32: பயனர் நிறுத்தினார். இவை கூட்டி வரும். 12 என்றால் 8-உம் 4-உம். ரூட் சோதனையில் 2 வந்தால் சிஸ்டம்டி தானே ரீபூட் செய்யும். ஒருமுறை தானாக அணைந்து எழுவது கோளாறு இல்லை. 4 வந்தால் எமர்ஜென்சி மோடுக்கு (பழுதுபார்க்க மட்டும் திறக்கும் கட்டளைத் திரைக்கு) போகும்.

இரண்டாவது வட்டில் பிழை. அதற்காகக் கணினியே எமர்ஜென்சி மோடில் நிற்கிறது.

எஃப்எஸ்டேப்பில் உள்ள எதுவும் பூட்டுக்கு இன்றியமையாதது என்று சிஸ்டம்டி எடுத்துக்கொள்ளும். ரூட் பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் கொடுத்து உள்ளே போய், ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி என்று பார்த்தால் எந்த பார்ட்டிஷன் என்று தெரியும். அது மவுண்ட் ஆகவில்லை என்று உறுதிசெய்துகொண்டு எஃப்எஸ்சிகே ஓட்டுங்கள்.

இனி இப்படி நிற்காமலிருக்க, அந்த வரியில் டிஃபால்ட்ஸ் என்பதற்குப் பின் கமா போட்டு நோஃபெயில் சேருங்கள். கழற்றி மாட்டும் யுஎஸ்பி வட்டு என்றால் எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10 என்றும் சேர்க்கலாம். இல்லாவிட்டால் வட்டு மாட்டாத நாளில் வழக்கமான 90 நொடி காத்திருக்கும்.

சில வினியோகங்களில் ரூட் கணக்கு பூட்டியிருந்தால் "ரூட் அக்கவுண்ட் இஸ் லாக்ட்" என்று சொல்லி உள்ளே விடாது. லைவ் பென்டிரைவில் பூட் செய்வதே எளிய வழி. பென்டிரைவ் கைவசம் இல்லையென்றால் கிரப் வரியில் இனிட்=/பின்/பேஷ் சேர்த்து பூட் செய்யுங்கள். எஃப்எஸ்டேப்பைத் திருத்த வேண்டுமானால் மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ / என்று எழுதும் அனுமதி பெற்று, முடிந்ததும் சிங்க், பிறகு ரீபூட் -எஃப்.

மவுண்ட் ஆகியிருக்கும்போதே எஃப்எஸ்சிகே ஓட்டலாமா?

கூடாது. எழுதும் நிலையில் மவுண்ட் ஆன பார்ட்டிஷனை எஃப்எஸ்சிகே ஒரு பக்கம் திருத்த, கர்னல் தன் நினைவில் உள்ள பழைய நகலை மறுபக்கம் எழுத, நன்றாக இருந்த வட்டும் கெடும். நிரல் எச்சரிக்கும்போது ஆம் சொல்லாதீர்கள். திருத்தாமல் பார்க்க மட்டும் செய்யும் -என் கூட, மவுண்ட் ஆன வட்டில் இல்லாத பிழைகளைக் காட்டும்.

"பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்-பிளாக்" என்கிறது.

சூப்பர்பிளாக் உண்மையிலேயே போயிருப்பதைவிட, தவறான பெயரைக் கொடுத்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். /டெவ்/எஸ்டிஏ2 என்பதற்குப் பதில் /டெவ்/எஸ்டிஏ என்று முழு வட்டையும் கொடுத்திருப்பீர்கள். அல்லது அந்த பார்ட்டிஷன் எல்விஎம்மாகவோ (வட்டு இடத்தைப் பிரித்து நிர்வகிக்கும் அடுக்கு), லக்ஸ் பூட்டாகவோ (மறைகுறியாக்கம்), எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகைக் கோப்பு முறைமையாகவோ இருக்கும். எல்எஸ்பிஎல்கே -எஃப் போட்டு வகையைப் பாருங்கள்.

பெயர் சரிதான் என்றால் மாற்று சூப்பர்பிளாக் இருக்கிறது. 4 கிபி பிளாக் உள்ள எக்ஸ்ட்4-இல் முதல் நகல் 32768-ஆம் பிளாக்கில், அடுத்தவை 98304, 163840, 229376 ஆகியவற்றில்.

இ2எஃப்எஸ்சிகே -பி 32768 /டெவ்/எஸ்டிஏ2

இ2எஃப்எஸ்சிகே என்பது எக்ஸ்ட் வகைகளுக்கான எஃப்எஸ்சிகே. இங்கே பி என்பது பேக்கப்பின் முதல் எழுத்து, ப்ரீனின் முதல் எழுத்து இல்லை. இப்படிப்பட்ட திருத்தத்துக்கு முன் -இசட் கொடுத்து, வேறொரு வட்டில் ஒரு கோப்புப் பெயரையும் கொடுத்தால், மாற்றும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய நிலையும் அதில் சேரும். விளைவு பிடிக்கவில்லையென்றால் இ2அன்டூ கட்டளையால் திரும்பிவிடலாம். இந்த வசதி பலருக்குத் தெரிவதில்லை.

எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டுக்கும் இதே முறையா?

இல்லை. எஃப்எஸ்சிகே.எக்ஸ்எஃப்எஸ் சாதாரண பூட்டில் எதுவும் செய்யாமல் வெற்றி என்று சொல்லித் திரும்பும். மவுண்ட் ஆகும்போது லாக் மறுபடி ஓடுவதே போதும் என்பது அதன் வடிவமைப்பு. பிழை என்றால் அன்மவுண்ட் செய்து எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் ஓட்ட வேண்டும். லாக்கில் எழுதாத மாற்றம் இருக்கிறது என்று அது மறுத்தால், ஒருமுறை மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மவுண்டே ஆகவில்லை என்ற கடைசி நிலையில்தான் பெரிய எழுத்து எல். அது லாக்கையே அழித்துவிடும், கடைசியாக எழுதிய கோப்புகள் போகலாம்.

பிடிஆர்எஃப்எஸ்ஸும் பூட்டில் சோதிக்கப்படுவதில்லை, எஃப்எஸ்டேப்பில் 0 போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடிஆர்எஃப்எஸ் ஸ்கிரப் ஸ்டார்ட் / என்று செக்சம் சரிபார்க்கலாம். பிடிஆர்எஃப்எஸ் செக் --ரிப்பேர் கட்டளையைப் பழக்கதோஷத்தில் தட்டிவிடாதீர்கள். இருக்கும் நிலையை அது மோசமாக்கிவிடக்கூடும்.

ஒவ்வொரு பூட்டிலும் பிழை திரும்பத் திரும்ப வருகிறது.

அப்படியானால் கோளாறு கோப்பு முறைமையில் இல்லை, அதற்குக் கீழே. சுடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ என்று பாருங்கள். பட்டியலில் 5, 197 என்ற எண்ணுள்ள வரிகளின் கடைசி மதிப்பு பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் வட்டின் செக்டர்கள் கெடுகின்றன. 199 மட்டும் ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். வட்டு நன்றாகவே இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் மெம்டெஸ்ட்86+ கொண்டு ராமை ஓர் இரவு முழுக்கச் சோதியுங்கள்.

செக்டர் கெடும் வட்டில் எஃப்எஸ்சிகே -ஒய் ஓட்டுவது, உடைந்த காலோடு ஓடச் சொல்வது. படிக்க முடியாத இடத்தை அது காலியென்று எண்ணி நல்ல டைரக்டரிகளையும் வெட்டிவிடும். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு வேறு வட்டுக்கு முழு நகல். பிறகு அந்த நகலின் மேல் எஃப்எஸ்சிகே. மூல வட்டைத் தொடவே வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு: கடிகாரம். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய், "லாஸ்ட் மவுண்ட் டைம் இஸ் இன் தி ஃப்யூச்சர்" என்று வரும். 24 மணி நேரம் வரையான வேறுபாட்டை இ2எஃப்எஸ்சிகே பொறுத்துக்கொள்ளும், அதற்கு மேல் பிழையாகவே எடுக்கும். பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது.

/பூட்/இஎஃப்ஐ பற்றி "டர்ட்டி பிட் இஸ் செட்" என்கிறது.

அது எஃப்ஏடி32 பார்ட்டிஷன். அன்மவுண்ட் செய்யாமல் கணினி அணைந்திருக்கிறது. அன்மவுண்ட் செய்து எஃப்எஸ்சிகே.விஃபேட் -ஏ ஓட்டினால் போய்விடும்.

பூட் நேரத்தில் என்ன நடந்தது என்று பிறகு எங்கே பார்ப்பது?

டெபியன், உபுண்டுவில் இனிட்ராம்எஃப்எஸ் செய்த ரூட் சோதனை /ரன்/இனிட்ராம்எஃப்எஸ்/எஃப்எஸ்சிகே.லாக் கோப்பில் இருக்கும். /ரன் நினைவகத்தில் இருப்பது, ரீபூட் ஆனால் போய்விடும். மற்ற பார்ட்டிஷன்களுக்கு ஜர்னல்சிடிஎல் -பி | கிரெப் -ஐ எஃப்எஸ்சிகே. பி என்பது இங்கே பூட்டின் முதல் எழுத்து.

சர்வரை நிறுத்தாமல் சோதிக்க வழி உண்டா?

எல்விஎம் மேல் எக்ஸ்ட்4 இருந்தால் உண்டு. 2019-இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.45 முதல் இ2ஸ்கிரப் என்ற கருவி ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நொடியின் நிலையைக் காட்டும் நகல்) எடுத்து, அதன் மேல் எஃப்எஸ்சிகே ஓட்டி, ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடும். வால்யூம் குரூப்பில் (எல்விஎம் நிர்வகிக்கும் மொத்த இடத்தில்) 256 எம்பி காலி இடம் வேண்டும். நிறுவும்போது எல்லா இடத்தையும் ரூட்டுக்கே கொடுத்திருந்தால் ஓடாது. அது எதையும் திருத்தாது. பிழை கண்டால் அடுத்த பூட்டில் முழுச் சோதனை நடக்கும்படி குறி வைக்கும், அந்த ரீபூட்டை உங்களுக்கு வசதியான நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்.